பிடிவாதமா, வியாதியா?

சென்ற வாரம் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்துவிட்டு, மேற்கொண்டு அடுத்த கடிதத்தைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதியவர் ஒரு தாயார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருக்கு ஒரு பெண், ஒரு பிள்ளை. பெண்ணுக்கு வயது 16. வகுப்பில் எப்போதும் முதல். நோட்டுப் புத்தகத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. தப்பித் தவறி ஒன்று விழுந்துவிட்டால் அந்தத் தாளையே கிழித்துப் போட்டு முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதுவாள். பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "பெண் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!" என்று அக்கம்பக்கத்தார் சொல்லுவார்களாம்.

அப்பேர்ப்பட்ட பெண் ஐந்து மாதமாகச் சாப்பிட மறுக்கிறாள். முதலில் இனிப்பை விட்டாள். பிறகு எண்ணெய்ப் பலகாரம். அப்புறம் நெய், தயிர். இப்போது ஒரு பிடி சோற்றைத் தட்டில் பரப்பிக்கொண்டு முக்கால் மணி நேரம் அளைகிறாள். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்: சமையலறையை விட்டு நகருவதே இல்லை! தம்பிக்குப் பிடித்ததை எல்லாம் தன் கையாலேயே செய்து போடுகிறாள். அவன் மிச்சம் வைத்தால் கோபித்துக்கொள்ளுகிறாள். தான் மட்டும் ஒரு வாய் வைப்பதில்லை. எலும்பும் தோலுமாக ஆகிவிட்ட பிறகும் ஓர் இடத்தில் உட்காருவதில்லை. மாடிப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறாள். கேட்டால், "எனக்கு ஒன்றுமில்லை, அம்மா. நீதான் வீணாகக் கவலைப்படுகிறாய்" என்கிறாள்.

"கெஞ்சிப் பார்த்தேன். அழுது பார்த்தேன். அவள் அப்பா கையை ஓங்கியும் பார்த்துவிட்டார். 'எல்லாம் நீ கொடுத்த செல்லம்; பிடிவாதம் பிடிக்கிறாள்' என்கிறார் என் மாமியார். இது பிடிவாதமா, வியாதியா? நான் எந்த இடத்தில் தவறு செய்தேன்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் அந்தச் சகோதரி.

நான் டாக்டர் அல்ல. டாக்டராக இருந்தாலும் நேரில் பாராமல் இன்ன நோய் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் கடிதத்தில் கண்ட அடையாளங்கள் அத்தனையும் ஒரு வியாதியையே சுட்டுகின்றன. அந்த வியாதியைப் பற்றிப் பெரிய வைத்தியர்கள் முந்நூறு வருஷத்துக்கு மேலாக எழுதி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை இந்த வாரம் சொல்கிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் அந்தத் தாயாரின் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

* * *

லண்டனில் ரிச்சர்ட் மார்ட்டன் என்று ஒரு வைத்தியர் இருந்தார். உடல் இளைத்து உருக்கும் நோய்களைப் பற்றி 1689-ல் லத்தீன் மொழியில் ஒரு புத்தகம் எழுதினார். அதிலே 18 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறார். 1684-ம் வருஷம் அவளுக்கு மாத விலக்கு நின்றது. பசி குறைந்தது. உடல் மெலிந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, க்ஷயத்தின் அடையாளம் எதுவும் இல்லை. அப்படி இருந்தும் அந்தப் பெண் இரவும் பகலும் புத்தகத்தை விட்டுத் தலை நிமிரவில்லையாம்! கடுங்குளிரையும் பொருட்படுத்தவில்லையாம். உயிரோடு இருப்பவர்களில் இத்தனை மெலிந்த ஒரு சரீரத்தைத் தாம் கண்டதே இல்லை என்கிறார் மார்ட்டன். மருந்து கொடுத்தார். சில நாள் சாப்பிட்டாள். பிறகு வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். மூன்று மாதத்தில் மயக்கம் போட்டு விழுந்து இறந்தாள்.

நோயின் வேர் உடம்பில் இல்லை, மனத்தின் துயரத்திலும் கவலையிலும் இருக்கிறது என்பது மார்ட்டனின் முடிவு. அதே புத்தகத்தில் ஒரு பாதிரியாரின் மகனைப் பற்றியும் எழுதுகிறார். அவனுக்கு வயது 16. அவனும் படிப்பிலே மூழ்கிக் கிடந்தவன்தான். படிப்பை நிறுத்திவிட்டுக் கிராமத்துக்குப் போய்க் குதிரை சவாரி செய்து பாலைக் குடி என்றார். பையன் பெருமளவு தேறிவிட்டான். ஆகையால், இது பெண்களுக்கே உரிய நோய் என்று எண்ண வேண்டாம். பெண்களுக்கு அதிகம் வருகிறது. ஆண்களையும் அது விட்டு வைப்பதில்லை.

அப்புறம் ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து, 1873-ல், இந்த நோய்க்குப் பெயர் கிடைத்தது. ஆச்சரியம் என்னவென்றால், ஒரே வருஷத்தில் லண்டனில் ஒருவரும் பாரிஸில் ஒருவரும் ஒருவரை ஒருவர் கேளாமலே இதைப் பற்றி எழுதினார்கள். லண்டன்காரர் வில்லியம் கல். விக்டோரியா மகாராணியின் வைத்தியர்களில் ஒருவர். பெயர்தான் கல், பார்வையோ ஊசி! பாரிஸ்காரர் ஷார்ல் லாஸேக். கல் வைத்த பெயர் 'அனோரெக்ஸியா நெர்வோஸா.' நரம்புத் தளர்ச்சியால் வரும் பசியின்மை என்று பொருள். அந்தப் பெயரே இன்றும் வழங்குகிறது.

கல்லிடம் 1866-ல் ஒரு 17 வயதுப் பெண் வந்தாள். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எடை 82 ராத்தல், அதாவது சுமார் 37 கிலோதான். நாடி மிக மெதுவாக அடித்தது. வலி என்று எதையும் அவள் சொல்லவில்லை. ஆனால் ஓய்ந்து உட்காருகிறவளாகவும் இல்லை; இத்தனை மெலிந்த உடம்பு இவ்வளவு நடமாட்டத்தை எப்படித் தாங்குகிறது என்று கல் வியந்தார். இன்னொரு பெண்ணின் தாயாரும், தன் மகளுக்குச் சோர்வே வருவதில்லை என்றுதான் அவரிடம் சொன்னாராம். மாடிப்படி ஏறி இறங்கும் நம் பெண்ணின் நினைவு வருகிறதல்லவா?

சந்தோஷமான சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். அந்த 17 வயதுப் பெண் பிழைத்தாள். 1868-ல் அவள் எடை 128 ராத்தல். கல்லின் கட்டுரையில் நோயின்போது எடுத்த படமும், தேறிய பிறகு எடுத்த படமும் இருக்கின்றன. இரண்டும் ஒரே பெண் என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும்.

* * *

இந்தப் பெயரில் ஒரு கோளாறு இருக்கிறது. 'பசியின்மை' என்றார்கள். ஆனால் இவர்களில் பெரும்பாலோருக்குப் பசி இல்லாமல் இல்லை. பசி இருக்கிறது, அதை ஜயிக்கிறார்கள். இல்லாவிட்டால் சாப்பிடாத பெண் ஏன் சமையலறையிலேயே பழியாய்க் கிடக்க வேண்டும்? ஏன் தம்பிக்கு விதவிதமாகச் செய்து போட வேண்டும்?

இந்தப் புதிரை விடுவித்தது ஒரு விசித்திரமான பரிசோதனை. அது நடந்தது நோயாளிகளிடம் அல்ல. நோயில்லாத, திடகாத்திரமான ஆண்பிள்ளைகளிடம்.

இரண்டாம் உலகப் போர் முடிகிற தறுவாயில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான பேர் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு எப்படி ஆகாரம் கொடுத்துத் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்ற விஞ்ஞானி 1944 நவம்பரில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். துப்பாக்கி பிடிக்க மனச்சாட்சி இடம் கொடுக்காமல் போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். உடம்பும் மனமும் திடமாக இருக்கின்றனவா என்று சோதித்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். கால்பந்து மைதானத்தின் காலரிக்கு அடியில் இருந்த அறைகளில் வாசம். 24 வாரம், வழக்கமான ஆகாரத்தில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்தார்கள். வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் கால் பங்கு கரைந்தது.

கரைந்தது உடம்பு மட்டுமா? சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிடுசிடுத்தார்கள். தனியே ஒதுங்கினார்கள். பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். தட்டில் இருப்பதைத் துண்டு துண்டாக்கி, தண்ணீர் விட்டுக் கரைத்து, மணிக்கணக்கில் அளைந்தார்கள். எப்போதும் குளிர் குளிர் என்றார்கள். பெண்களைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. சிலருக்குத் தாங்கள் மெலிந்திருப்பதே தெரியவில்லை. எதிரே வருகிற சாதாரண மனிதர்கள்தாம் பருமனாகத் தோன்றினார்கள்! 1950-ல் இதை எல்லாம் கீஸும் அவர் சகாக்களும் இரண்டு பெரிய வால்யூம்களாகப் பிரசுரித்தார்கள்.

அந்தத் தாயார் இதைக் கவனிக்க வேண்டும். தம் பெண்ணிடம் புதிதாகக் காணும் சிடுசிடுப்பு, தனிமை, சோற்றை அளைவது, சமையலறைப் பித்து இவற்றில் பெரும் பகுதி அவள் குணம் அல்ல. பசியின் குணம். எந்த மனிதனைப் பட்டினி போட்டாலும் இவை வரும். வயிற்றுக்கு ஆகாரம் போகத் தொடங்கினால் இவற்றில் பலவும் மெல்ல மெல்ல விலகும். ஆகவே, "என் பெண் இப்படி மாறிவிட்டாளே" என்று மனம் உடைய வேண்டாம். அவள் மாறவில்லை, பசி அவளை மறைத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் எல்லாமே பசியின் வேலைதானா? அதுவும் இல்லை. மின்னஸோட்டாப் பிள்ளைகள் எப்போது ஆகாரம் கிடைக்கும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததும் விழுந்து விழுந்து சாப்பிட்டார்கள். இந்தப் பெண்களோ ஆகாரத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். ஒரு கவளம் உள்ளே போனால் குற்றம் செய்துவிட்டதைப் போல் தவிக்கிறார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் சுபாவம் என்ற சங்கதி வருகிறது.

* * *

நோய் வருவதற்கு முன் இவர்கள் எப்படிப்பட்ட குழந்தைகளாக இருந்தார்கள்? இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான சித்திரத்தைத்தான் தீட்டுகிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தை. அடம் பிடிக்காத குழந்தை. எதிலும் ஒரு குறை இருக்கக் கூடாது என்று நினைக்கும் குழந்தை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு, போன இரண்டு மார்க்குக்காக அழும் குழந்தை.

ஆக்ஸ்போர்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி 1999-ல் வெளியாயிற்று. நோய்க்கு முன்பே இவர்களிடம் இரண்டு குணங்கள் மிகுந்து காணப்பட்டதாக அது தெரிவித்தது. ஒன்று, எதையும் அப்பழுக்கில்லாமல் செய்ய வேண்டும் என்ற வெறி. மற்றொன்று, தன்னைப் பற்றித் தானே தாழ்வாக எண்ணுவது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? எத்தனை செய்தாலும் போதாது. எத்தனை பேர் புகழ்ந்தாலும் காதில் ஏறாது.

2003-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்று செய்தார்கள். குறைபொறாத குணம், வளைந்து கொடுக்காமை, விதிகளை விடாப்பிடியாகப் பற்றுவது, எல்லாம் ஒழுங்காகவும் வரிசையாகவும் இருக்க வேண்டும் என்ற ஆசை, அளவு மீறிய சந்தேகமும் ஜாக்கிரதையும் ஆகிய ஐந்து குணங்களில் எத்தனை சிறு வயதில் இருந்தன என்று கேட்டு ஒப்பிட்டார்கள். கூடுதலாக ஒவ்வொரு குணம் சேரும்போதும் சாப்பாட்டு நோய்க்கு உள்ளாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு உயர்ந்ததாம்!

பயந்த சுபாவமும் சேர்ந்துகொள்கிறது. இத்தகைய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு வகையான பதற்ற நோய் இருப்பதாகவும், பலருக்கு அது குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுவதாகவும் கண்டிருக்கிறார்கள். மனத்தில் உள்ளது கோபமா, துக்கமா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாமையும் பலரிடம் உண்டு. சீட்டுகளை நிறத்தை வைத்துப் பிரிக்கச் சொல்லி, நடுவில் சொல்லாமல் விதியை மாற்றிவிடும் ஒரு பரீட்சை இருக்கிறது. மற்றவர்கள் சட்டென்று புது விதிக்கு மாறிக்கொள்ளும்போது, இவர்களில் பலர் பழைய விதியிலேயே நின்றுவிடுகிறார்கள். கெட்டிக்காரத்தனத்தில் குறைவில்லை, பிடித்ததை விடத்தான் தெரியவில்லை.

ஹில்டே புரூக் என்ற அம்மையாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் நாட்டை விட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவில் புகழ் பெற்ற மனநோய் வைத்தியர். இந்தப் பெண்களோடு பேசுவதிலேயே ஆயுளைக் கழித்தவர். மெலிவு மோகம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை என்றார் அவர். தன் வாழ்வில் தன்னால் ஆவது ஒன்றுமில்லை, எல்லாம் பிறர் விருப்பப்படியே நடக்கிறது என்ற எண்ணம் உள்ளூர அரித்துக்கொண்டிருக்கும் பெண், 'என் உடம்பாவது என் வசம்' என்று பிடித்துக்கொள்ளும் கொம்புதான் இந்தப் பட்டினி என்று 1962-லேயே எழுதினார். 1978-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயர் 'தங்கக் கூண்டு.' பெயரே கதையைச் சொல்கிறதல்லவா?

இப்படிப்பட்ட பெண் ஒரு நாள் பலகாரத்தை வேண்டாம் என்கிறாள். நாலு பேர், "அடேயப்பா, எவ்வளவு கட்டுப்பாடு!" என்கிறார்கள். முதல் தடவையாக, தான் ஒன்றைச் சாதித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றுகிறது. மனப் பதற்றமும் கொஞ்சம் அடங்குகிறது. பட்டினி இவர்களுக்கு ஒருவித அமைதியைத் தருகிறது, சாப்பாடு பயத்தைக் கிளப்புகிறது என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். மறு நாள் இன்னொன்றை விடுகிறாள். நோட்டுப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவள் அல்லவா? பட்டினியையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் செய்கிறாள்!

ஆக, நாம் எந்தக் குணங்களை மெச்சித் தட்டிக்கொடுக்கிறோமோ, அந்த உழைப்பும் ஒழுங்கும் அடக்கமும்தாம் திசை மாறி அவள் உயிரையே குடிக்க வருகின்றன. சோம்பேறிப் பெண்ணால் இந்தப் பட்டினி கிடக்க முடியாது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தக் குணங்கள் உள்ள பெண்களுக்கெல்லாம் இந்த நோய் வருவதில்லை. நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் நன்றாகவே வாழ்கிறார்கள். வேறு சுபாவம் உள்ளவர்களுக்கும் நோய் வருவது உண்டு. பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. ஏறக்குறைய 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி, நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களை அடையாளம் காட்டியது. மனத்தைச் சேர்ந்த அம்சங்களோடு, உடம்பு ஆகாரத்தைச் செலவழிக்கும் விதத்துக்கும் இந்த நோயில் சம்பந்தம் உண்டு என்று அதிலிருந்து தெரியவந்தது.

மெலிந்து அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லோரிடமும் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பருமனாகிவிடுவோமோ என்ற பயத்தை வாயால் சொல்லாமல், "வயிறு நிறைந்துவிட்டது", "சாப்பிட்டால் உப்புசமாக இருக்கிறது" என்று மட்டுமே சொல்லும் நோயாளிகளை ஹாங்காங் வைத்தியர்கள் 1990-களில் விவரித்தார்கள். இந்தியாவிலிருந்தும் அதே காலத்தில் அத்தகைய குறிப்புகள் வெளியாயின. ஆகவே, "என் பெண் ஒல்லியாக வேண்டும் என்று சொல்லவில்லையே, அதனால் இந்த நோயாக இராது" என்று இருந்துவிடக் கூடாது.

* * *

இனி, இரண்டாவது கேள்வி. "நான் எந்த இடத்தில் தவறு செய்தேன்?"

அம்மா, இந்தக் கேள்வியை நெடுங்காலம் வைத்தியர்களே தாய்மார்களிடம் கேட்டு வந்தார்கள். உற்றார் உறவினர்கள்தாம் நோயாளியைப் பார்த்துக்கொள்ள மிகவும் தகுதியற்றவர்கள் என்று கல் எழுதிவிட்டார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் பெண்ணை வீட்டாரிடமிருந்து பிரித்து வைத்தார்கள். புரூக் அம்மையாரின் எழுத்திலும் தாய்மார்களுக்குக் குட்டு விழத்தான் செய்தது.

காற்று மாறியது லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில். ஜெரால்ட் ரஸ்ஸலும் அவர் சகாக்களும் 1987-ல் ஓர் ஆராய்ச்சியைப் பிரசுரித்தார்கள். ஆஸ்பத்திரியில் எடை ஏறி வீடு திரும்பியவர்களில் ஒரு பகுதியாருக்குக் குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை. மற்றவர்களுக்குத் தனியே வைத்துப் பேசும் சிகிச்சை. சிறு வயதில் நோய் தொடங்கி, மூன்று வருஷத்துக்கு மேல் ஆகாதவர்களுக்குக் குடும்பத்தோடு செய்த சிகிச்சையே நல்ல பலன் கொடுத்தது. இன்று இளம் பெண்களுக்கு முதலில் சொல்லும் சிகிச்சை அதுதான். அதன் முதல் பாடம் என்ன தெரியுமா? இந்த நோய்க்குப் பெற்றோர் காரணம் அல்ல. ஆனால் மருந்து அவர்கள் கையில் இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நின்ற தாயாரை இறக்கி, பெண்ணின் பக்கத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

லாஸேக் அந்தக் காலத்திலேயே ஒன்று கவனித்தார். வீட்டார் முதலில் கெஞ்சுகிறார்கள், பலிக்காவிட்டால் மிரட்டுகிறார்கள். கெஞ்ச கெஞ்ச, மிரட்ட மிரட்ட, பெண்ணின் மறுப்பு இறுகுகிறது. கடைசியில் வீட்டில் அவள் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போகிறது. கெஞ்சலும் வேண்டாம், கை ஓங்கலும் வேண்டாம். பின்னே என்ன செய்வது?

முதல் காரியம், நாளைக்கே டாக்டரிடம் அழைத்துப் போவது. மெலிவுக்குக் க்ஷயம், நீரிழிவு, தைராய்டு, குடல் நோய் என்று வேறு காரணங்களும் உண்டு. அவை இல்லை என்று தெரிய வேண்டும். எடை, நாடி, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை எல்லாம் அவசியம். மாத விலக்கு நின்றிருக்கிறதா, மயக்கம் வருகிறதா, கை கால் சில்லிடுகிறதா, சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாளா என்று மறைக்காமல் சொல்லுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, "நான் இருந்து என்ன பயன்" என்ற மாதிரி பேசினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மன நோய்களிலே உயிர்ச் சேதம் மிகுந்தவற்றில் இது ஒன்று. உலகமெங்கும் புகழ் பெற்ற அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் இந்த நோயின் விளைவாக இதயம் நின்று 1983 பிப்ரவரியில் இறந்தபோது அவர் வயது 32.

இன்னொரு எச்சரிக்கை. நெடு நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே நாளில் விருந்து படைக்கக் கூடாது. ரத்தத்திலுள்ள தாது உப்புக்கள் நிலை குலைந்து இதயத்துக்கே ஆபத்தாகும். எவ்வளவு, எப்படி ஏற்றுவது என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

பிறகு வீட்டில். நீங்களும் உங்கள் கணவரும் முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள். ஒருவர் அதட்ட, ஒருவர் விட்டுக் கொடுக்க, பெரியவர் ஒருவர் ஏச என்று இருந்தால், நோய் அந்தச் சந்தில் புகுந்து தப்பித்துக்கொள்ளும். டாக்டர் சொன்ன அளவை, சொன்ன வேளையில், நீங்களே பரிமாறுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். "உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் இது உனக்கு மருந்து. சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நான் கூடவே இருக்கிறேன்" என்ற அளவில் பேச்சு போதும். தர்க்கம் வேண்டாம், தர்க்கத்தில் அவள்தான் ஜயிப்பாள். நோயைக் கோபித்துக்கொள்ளுங்கள், பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தம்பியை ஒற்றனாக்கி, அக்கா என்ன சாப்பிட்டாள் என்று கேட்காதீர்கள். அவன் அக்காவோடு சீட்டு விளையாடட்டும், சிரிக்கட்டும். அது போதும்.

மெலிவைப் பற்றியோ பருமனைப் பற்றியோ, அவளைப் பற்றியானாலும் எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றியானாலும், வீட்டில் பேச்சு எடுக்க வேண்டாம். கொஞ்சம் தேறியவுடன், "இப்போதுதான் கன்னம் வைத்திருக்கிறது!" என்று சந்தோஷத்தில் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு அது மங்கள வார்த்தை. அவள் காதில் அது "பருத்துவிட்டாய்" என்று விழும்.

பல மாதம் பிடிக்கும். நடுவில் சறுக்கல் உண்டு. ஆனால் குணமாகிறவர்கள் பலர். அந்தக் குறைபொறாத சுபாவம் அடியோடு போய்விடாது; நோய் தீர்ந்த பிறகும் ஓரளவு நிலைத்திருப்பதாகவே ஆராய்ச்சிகள் சொல்கின்றன. போக வேண்டும் என்பதும் இல்லை. அந்தச் சுபாவத்தை வைத்துக்கொண்டே அவள் நல்ல டாக்டராகலாம், வாத்தியாராகலாம், வயலின் வாசிக்கலாம். தனக்கு எதிராகத் திருப்பாமல் இருந்தால் போதும். அதற்கு அவளுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் ஓர் அடித்தல் விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடும் பழக்கம். "எனக்கு இது பிடிக்கவில்லை, அம்மா" என்று எதிர்த்து ஒரு வார்த்தை பேசும் பழக்கம். அந்த வார்த்தை முதல் முறை வரும்போது, தயவு செய்து, "இதென்ன புதுப் பழக்கம்?" என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் மாமியாரையும் கேட்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

சகோதரி, இது பிடிவாதம் அல்ல, வியாதி. நீங்கள் இதை உண்டாக்கவும் இல்லை. டாக்டரிடம் போய் வந்த பிறகு மறுபடி ஒரு வரி எழுதுங்கள். பிரசுரத்துக்காக அல்ல, நான் தெரிந்துகொள்வதற்காக.